உள்மடிப்பு

ஜூன் முதல் வாரம் வீரவநல்லூரில்
பாதிப் பிள்ளைகளின் இடுப்பு என் டேப்புக்குள் வந்து போகும்.
ஆளுக்கொரு பக்கம் நோட்டில்.
ஆறாவதில் பெயர் எழுதினால்
பன்னிரண்டு முடிகிறவரை அதே பக்கந்தான்.

ஆறாவதில் பயல்கள் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வருவார்கள்.
உச்சிமகாளி ரயில்வே கேட்டுப் பக்கம் விழுந்தான்.
பிரம்மநாயகம் எங்கே விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.
ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடியும் கிழியும்.
ஒன்பது முடிகையில் முழங்கால் ஆறிவிடும்.
பிறகு உட்காருகிற இடம் வழவழக்கும்:
பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, டியூஷன் பெஞ்சு, ஆட்டோ சீட்டு.
பத்தாவது அரைப்பரீட்சைக்குள்
துணிக்கு அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியும்.
கிழிசல் இரண்டு சாண் மேலே ஏற
நாலு வருஷம்.

"வளருத பிள்ளை, உயரத்துக்கு மடிச்சு விடுங்க மைனி"
என்ற அதே தாய்மார்
பத்தாவதில் குரலைத் தாழ்த்துவார்கள்.
"இடுப்புல ரெண்டு இஞ்சு உள்ள கெடக்கட்டும்."
கிடக்கும். ஆயுத பூஜைக்குள் பிரித்தும் விடுவேன்.

அந்தக் காலத்தில் என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை.
அந்தக் காலத்தில் பதின்மூன்று வயதில்
இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் நான்.
கால் மட்டும் ஓடியது, ஓரடி நகராமல்.
போன வருஷம் மோட்டார் மாட்டினேன்.
இப்போது அதுவும் ஓடுவதில்லை.

வீட்டில் ஒருத்தன் இருக்கிறான், ஆவுடைநாயகம், பதினைந்து வயது.
செல்லோடு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்து
முழுக்கைப் பனியனில் இடது முழங்கை மட்டும் ஓட்டை.
"ஏல, எந்திரி" என்றால்
"கேம்ல ஓடிக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்கிறான்.
சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.
விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொண்டு
ஒரு வருஷம் ஆகிறதாம்.
அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

பெண்பிள்ளைகளின் பக்கங்கள் வேறு.
முப்பிடாதி ஆறாவதில் பாவாடை ஓரமெல்லாம் புழுதியாக வருவாள்.
ஏழாவதில் இரண்டு தடவை கொக்கி பிய்ந்தது.
எட்டாவது பாதியில் சுடிதார்.
துப்பட்டாவுக்கு ஒரு ஊக்கு, அந்த ஊக்குக்கு இன்னொரு ஊக்கு.
எங்கள் பக்கம் பெண் பெரியவளானால்
'உக்காந்துட்டா' என்பார்கள்.
எந்திரிச்சுட்டா என்று
யாரும் யாருக்கும் சொல்லியனுப்பி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மூன்று ஜூன்.
ஒரு கிழிசல் இல்லை, ஒரு கறை இல்லை.
அவ்வளவு சுத்தமான பக்கத்தைப் பார்க்க
எனக்கு என்னவோ செய்தது.
பயல்களுக்காவது ஒன்பதுவரை கிடைத்தது.
இவளுடைய அந்த இரண்டு வருஷத்தை
வாங்கிக்கொண்டது எந்தக் கணக்கு சார்?

பதினொன்றில் சர்க்கார் சைக்கிள் கொடுத்தார்கள்.
ஆடிக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு நாள்
பேண்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.
வலது கால் ஓரம் செயினில் மாட்டி நார் நாராக,
கிரீஸ் அப்பிக் கறுப்பாக.
"எங்கட்டி போன?"
"வெள்ளாங்குளி வரைக்கும்."
"அங்க என்ன சோலி?"
"சோலி ஒண்ணுமில்ல. எதிர்காத்துல மிதிக்க முடியுதான்னு பாத்தேன்."

ஓரத்தைச் சுருக்கிக் கொடுத்தேன்.
ஒன்பதாம் நாள் திரும்பவும் வந்தாள்.
இந்தத் தடவை இடது முழங்கால்.
உள்ளே தோலும் கொஞ்சம் போயிருந்தது.
வலிக்குதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
இரண்டு பேரும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
காசு வாங்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் அவள் அப்பா
அந்தச் சைக்கிளுக்கு விலை பேசுவார்.
தெரியாதா எனக்கு, தெருவில் எத்தனை பேர் பேசினார்கள்.

பன்னிரண்டாவதுக்குத் துணி வெட்டியாச்சு.
இடுப்பில் ஒன்றும் விடவில்லை.
முழங்காலுக்கு நேராக, வெளியே தெரியாமல்,
இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன்.